செப்புத் தகட்டில் எழும் சித்திரம்

பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய பழந்தமிழர், எழுதி முடித்தபின் மற்றொரு வேலையையும் தவறாமற் செய்தனர். விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்து ஓலை முழுவதும் பூசினர். பின்னர்த் துணியால் நன்றாகத் துடைத்தனர். மேற்பரப்பில் இருந்த கரி துணியோடு போயிற்று. எழுத்தாணி கீறிய பள்ளங்களில் இறங்கிய கரி மட்டும் அங்கேயே தங்கிற்று. அதுவரை மங்கலாகத் தெரிந்த எழுத்து, கருமை பெற்று விளங்கிற்று. இதனை மையாடல் என்று வழங்கினர்.

பள்ளத்தில் மை நிற்கும்; மேட்டில் நில்லாது. இந்த ஓர் உண்மையின்மேல்தான் உலகின் சிறந்த ஓவியக் கலைகளுள் ஒன்று நிற்கிறது. ஓலைக்குப் பதிலாகச் செப்புத் தகடு. எழுத்தாணிக்குப் பதிலாகக் கூரிய ஊசியும் திராவகமும். மையைத் துடைத்தபின் தகட்டின்மேல் ஈரத்தாளை வைத்து அழுத்துதல். ஓலையில் நின்றுவிட்ட வேலையை இன்னும் ஓர் அடி முன்னெடுத்துச் சென்றால் கிடைப்பது இக்கலை. மேனாட்டார் இதனை எட்சிங் என்பர். தமிழில் இதனைத் திராவகப் பொறிப்பு எனலாம்.

செம்பும் தமிழும்

செம்பில் எழுத்துப் பொறிப்பது தமிழர்க்குப் புதியதன்று. பல்லவரும் பாண்டியரும் சோழரும் தம் கொடைகளைச் செப்பேடுகளில் வெட்டுவித்தனர். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய புத்த விகாரத்திற்கு முதலாம் இராசராசன் 1006ஆம் ஆண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அக்கொடையைக் கூறும் 21 ஏடுகள் பிற்காலத்தில் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரைச் சென்றடைந்து, அந்நகரின் பெயராலேயே லெய்டன் செப்பேடுகள் எனப்பட்டன. ஸ்ரீவிஜயம் சுமத்ராவையும் மலாயாக் கரையையும் தன் ஆட்சியில் கொண்டிருந்த பேரரசு. ஆதலின், சிங்கப்பூர் இருக்கும் இக்கடற்பரப்புக்கும் தமிழரின் செம்புக்கும் ஆயிரம் ஆண்டுத் தொடர்பு உண்டு.

அத்தொடர்பின் எளிய வடிவத்தை லிட்டில் இந்தியா வட்டாரத்திற் பழகிய தமிழ்க் குடும்பங்களிலும் காணலாம். ஊரிலிருந்து வந்த பித்தளைக் குடத்தையோ வெண்கலப் பானையையோ திருப்பிப் பார்த்தால், அதன் கழுத்தருகே பாட்டியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். சிற்றுளியும் சுத்தியலும் செய்த வேலை அது.

செப்பேடும் குடமும் உளியால் வெட்டப்பட்டவை. அங்கே உலோகத்தை அகற்றுவது கையின் வலிமை. திராவகப் பொறிப்பில் உலோகத்தை அகற்றுவது திராவகம். கலைஞன் தகட்டை வெட்டுவதே இல்லை. எங்கே அரிக்கலாம், எங்கே அரிக்கலாகாது என்று திராவகத்திற்கு வழி காட்டுகிறான். அவ்வளவே அவன் செய்வது. ஆனால், அந்த அளவில்தான் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

எட்சிங் என்னும் சொல்லின் பிறப்பும் இதனையே சொல்கிறது. டச்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் உள்ள அதன் மூலச்சொல்லுக்கு ‘உண்ணச் செய்தல்’ என்பது பொருள். திராவகம் செம்பை உண்கிறது. தமிழில் இதற்கு நேரான சொல் அரித்தல். செல் அரித்தது, துரு அரித்தது என்று கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு இச்சொல் அழிவையே நினைவூட்டும். செல்லரித்த சுவடிகளால் தமிழ் இழந்தவை பல. அதே அரிப்பு அளவறிந்து ஏவப்பட்டால் ஆக்கமும் ஆகும் என்பதற்கு இக்கலை சான்று.

மெழுகே காவல்

இக்கலையின் இயல்பைச் சிங்கப்பூர் வாசகர் எளிதில் உணர்வதற்கு ஓர் உவமை அருகிலேயே இருக்கிறது. அதுவே பாத்திக் துணி. பாத்திக் செய்வோர் உருக்கிய மெழுகால் துணியில் கோலம் எழுதுவர். பின் துணியைச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. மற்றைய இடங்களில் ஏறும். மெழுகை நீக்கினால் கோலம் வெளிப்படும். மெழுகு அங்கே எழுதுபொருள் மட்டும் அன்று, காவலும் ஆகும்.

செப்புத் தகட்டிலும் மெழுகே காவல். முதலில் தகட்டின் ஓரங்களை அரத்தால் சரிவாகத் தேய்ப்பர். கூர்மையான ஓரம் பின்னர்த் தாளையும் அச்சு இயந்திரத்தின் கம்பளத்தையும் அறுத்துவிடும். அடுத்துத் தகட்டில் எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாதவாறு சுண்ணத்தூள் முதலியன இட்டுத் தேய்ப்பர். பட்டறைகள் சில இதற்குச் சோயாச் சாற்றையும் பயன்படுத்துகின்றன என்பது சமையலறையில் அதனைக் காண்பவர்க்கு வியப்பாக இருக்கும். விரல் ரேகையின் பசை ஒன்று தங்கினாலும் போதும். அவ்விடத்தில் மெழுகு ஒட்டாது. திராவகம் அங்கே புகுந்து கலைஞன் நினையாத கறையை உண்டாக்கும்.

தூய்மை செய்த தகட்டைச் சூடாக்கி, அதன்மேல் தேன்மெழுகும் பிசினும் நிலக்கீலும் கலந்த கலவையை மெல்லிய படலமாகப் பரப்புவர். திராவகத்தால் இப்படலத்தை ஒன்றும் செய்ய இயலாது. பின் தகட்டைத் தலைகீழாகப் பிடித்து, எரியும் திரியின் புகையை அதன்மேல் படியச் செய்வர். மெழுகு கருநிறம் அடையும். அக்கருமையில் ஊசியால் கீறும்போது உள்ளிருக்கும் செம்பு பளிச்சென்று தோன்றும். கலைஞனுக்குத் தான் எழுதுவது அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

இங்கே ஊசியை அழுத்த வேண்டுவதில்லை. மெழுகை விலக்கினாலே போதும். தாளில் எழுதுவது போன்ற எளிமையோடு கை ஓடும். உளி கொண்டு செம்பை வெட்டுபவன் பல ஆண்டு பயின்றால்தான் வளைகோடு ஒன்றைத் தடங்கலின்றி இழுக்க முடியும். திராவகப் பொறிப்பிலோ, கோடு எழுதத் தெரிந்த எவனும் அன்றே தொடங்கலாம். ஓவியர் பலர் இக்கலையை நாடியதற்கு இதுவே காரணம்.

எழுதி முடித்த தகட்டின் பின்புறத்திற்கும் ஓரங்களுக்கும் காப்புப் பூசித் திராவகத்தில் இடுவர். வெடியுப்புத் திராவகம் எனப்படும் நைட்ரிக் அமிலத்தை நீரில் கலந்து பயன்படுத்துவது பழைய முறை. செம்பைத் தீண்டியவுடன் கோடுதோறும் சிறு குமிழிகள் எழும். அவை அங்கேயே தங்கினால் அரிப்பு ஒழுங்காக நடவாது. ஆதலால், பறவை இறகு ஒன்றினால் மெல்ல வருடி அவற்றை அகற்றுவர். இத்திராவகத்தின் ஆவி நுரையீரலுக்குக் கேடு செய்வது. இக்காலத்துப் பட்டறைகள் பலவற்றில் அதன் இடத்தைப் பெர்ரிக் குளோரைடு என்னும் உப்பின் கரைசல் பெற்றிருக்கிறது. அதில் ஆவி குறைவு. ஆனால், கோட்டின் பள்ளத்தில் வண்டல் படியும். அதனைத் தவிர்க்கத் தகட்டை நிமிர்த்தியோ கவிழ்த்தோ வைப்பர்.

கோட்டின் கருமையை உறுதி செய்வது நேரம். சில நிமிடம் அரித்தால் மயிரிழை போன்ற கோடு; நெடுநேரம் அரித்தால் ஆழ்ந்த கருங்கோடு. தொலைவிலுள்ள மலையின் கோடு மெலிதாக இருக்க வேண்டுமானால், தகட்டைச் சிறிது நேரத்தில் வெளியே எடுத்து, மலைக்கோடுகளின்மேல் காப்புப் பூசி மூடிவிட்டு, மீண்டும் திராவகத்தில் இடுவர். மூடியவை அப்படியே நிற்கும். மூடாதவை மேலும் ஆழும். இவ்வாறு பலமுறை செய்வதால் ஒரே தகட்டில் மென்மையும் வன்மையும் கூடிவரும். திராவகத்தை ஏவுவது எளிது. எதனை எப்போது காப்பது என்று அறிவதே அரிது.

தகட்டிலிருந்து தாளுக்கு

அரிப்பு முடிந்ததும் மெழுகை நீக்கிவிட்டுத் தகட்டைச் சற்றே சூடாக்கி, கெட்டியான மையைத் தகடு முழுவதும் தேய்ப்பர். பின்னர்க் கஞ்சியிட்ட வலைத்துணியால் துடைப்பர். இறுதியில் உள்ளங்கையாலேயே துடைக்கும் வழக்கமும் உண்டு. பள்ளத்தில் மை நிற்க, மேடு தூய்மையாகும். ஓலைச்சுவடிக்கு மையாடிய தமிழாசிரியன் இதனைக் கண்டிருந்தால் சிறிதும் வியந்திரான்.

ஓலையில் இல்லாத அடி இதன்பின் வருவது. நனைத்து, மிகை நீரை ஒற்றியெடுத்த தாளைத் தகட்டின்மேல் வைத்து, அதன்மேல் கம்பளங்களை அடுக்கி, இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே செலுத்துவர். உருளையின் அழுத்தம் பல டன் அளவினது. ஈரத்தால் மென்மையான தாள் பள்ளங்களுக்குள் புகுந்து மையைக் கவ்விக்கொண்டு வரும். ஆதலால், தாளில் ஒவ்வொரு கோடும் சற்றே மேடாக நிற்கும். விரலால் தடவினால் அது தட்டுப்படும். தகட்டின் நாற்புற விளிம்பும் தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். இவ்விரண்டும் இவ்வகை அச்சின் அடையாளங்கள்.

இவ்வடையாளத்தை நாள்தோறும் கையில் எடுப்போரும் அறியாதிருக்கின்றனர். நாணயத்தாள்களின் முதன்மையான படங்கள் பள்ளத்திலிருந்து மை எடுக்கும் முறையிலேயே அச்சிடப்படுகின்றன. இந்திய ரூபாய்த் தாளில் உள்ள காந்தியடிகள் உருவம் அத்தகையது. பெருமதிப்புள்ள தாள்களின் ஓரங்களில் உள்ள மேடான கோடுகள், கண்பார்வையற்றவர் மதிப்பை விரலால் அறிவதற்காக அமைந்தவை.

படம் தாளில் இடவலம் மாறி விழும் என்பதையும் அறிதல் வேண்டும். தகட்டில் வலப்புறம் நோக்கும் முகம், தாளில் இடப்புறம் நோக்கும். எழுத்தைப் பொறிப்பவன் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுத வேண்டும். செப்பேட்டு எழுத்தை அப்படியே மையிட்டு அச்சிட்டிருந்தால் படிக்க முடியாத எழுத்தே கிடைத்திருக்கும்.

மூலமா, நகலா?

அச்சு என்றவுடன் நகல் என்று கருதுவது பலரின் வழக்கம். ஓவியம் ஒன்றே மூலம், அச்சிட்டது அதன் படி என்பர். திராவகப் பொறிப்புக்கு இது பொருந்தாது. இங்கே வேறெங்கோ ஒரு மூல ஓவியம் இருந்து அதிலிருந்து படி எடுக்கப்படுவதில்லை. தகடு கருவி, தாளே படைப்பு. ஒவ்வொரு முறையும் மையிட்டுத் துடைப்பது கையாதலின், ஒரு தாள் மற்றொரு தாளை முழுதும் ஒத்திருப்பதில்லை.

ஆதலால்தான் கலைஞர் தாளின் அடியில் பென்சிலால் எண் இடுகின்றனர். 7/30 என்றிருந்தால், மொத்தம் 30 தாள்களில் இஃது ஏழாவது என்பது பொருள். எண்ணிக்கை முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கீறிப் பயனற்றதாக்கும் வழக்கம் உண்டு. செம்பு மென்மையான உலோகம். உருளையின் அழுத்தத்தால் நாளடைவில் தேயும். தேய்ந்த தகட்டிலிருந்து எடுத்த தாளைக் கலைஞன் பெயரால் உலவவிடுவது அவனுக்குச் செய்யும் நீதியன்று.

ஹாலந்து ஓவியர் ரெம்பிராண்ட் வரலாறு இதற்குச் சான்று. 1606 முதல் 1669 வரை வாழ்ந்த அவர் ஏறத்தாழ 300 தகடுகளில் இக்கலையைக் கையாண்டார். நோயாளரை ஏசுநாதர் குணப்படுத்தும் காட்சியைக் கொண்ட அவருடைய ‘நூறு கில்டர்’ அச்சோவியம் உலகப் புகழ் பெற்றது. அதன் தகடு பிற்காலத்தில் ஆங்கிலேயப் படைத்தலைவர் வில்லியம் பெய்லி என்பவர் கைக்கு வந்தது. தேய்ந்த தகட்டில் அவர் புதிதாகக் கோடுகள் இட்டு அச்சிட்டார். பின் தகட்டையே நான்கு துண்டுகளாக வெட்டித் துண்டுகளையும் அச்சிட்டார். கலைஞன் கை நீங்கிய தகட்டுக்கு நேர்ந்த கதி இது.

கவசத்திலிருந்து ஓவியத்திற்கு

இக்கலை ஓவியக் கூடத்தில் பிறக்கவில்லை. ஐரோப்பாவில் வீரர் அணிந்த இரும்புக் கவசங்களில் அணி வேலைப்பாடு செய்த கம்மியரே, மெழுகு பூசித் திராவகத்தால் அரிக்கும் முறையை முதலில் கையாண்டனர். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கவச வேலை செய்த டானியல் ஹாப்பர் என்பவர், 1500ஆம் ஆண்டை ஒட்டி அம்முறையைத் தாளில் அச்சிடும் படத்திற்கு மாற்றினார். ஆண்டு குறிக்கப்பெற்ற முதல் திராவகப் பொறிப்பு 1513ஆம் ஆண்டினது. அதனைச் செய்தவர் சுவிட்சர்லாந்தின் ஊர்ஸ் கிராப். தொடக்கத்தில் இரும்புத் தகடே பயன்பட்டது. அது துருப்பிடிப்பதாலும் கோடு முரடாக விழுவதாலும் கலைஞர் பின்னர்ச் செம்புக்கு மாறினர்.

பிரான்சு நாட்டு ஜாக் கல்லோ, லூட் என்னும் நரம்பிசைக் கருவி செய்வோர் பூசும் கெட்டி வார்னிஷைக் காப்புப் பூச்சாக்கினார். மெழுகுபோல் அது பெயர்ந்து விழவில்லை. அதனால் மிக நுண்ணிய கோடுகளும் அஞ்சாமல் அரிக்கப்பட்டன. 1633ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 18 படங்கள் கொண்ட வரிசை, போரால் குடிமக்கள் பட்ட துயரைச் சிறு தகடுகளில் காட்டிற்று. ஸ்பெயின் ஓவியர் கோயா 1799ஆம் ஆண்டில் 80 படங்களை வெளியிட்டுத் தம் காலத்து மூடநம்பிக்கைகளையும் போலித்தனத்தையும் எள்ளினார். கோடுகளோடு நிழலையும் தகட்டில் எழுப்ப அவர் பிசின் தூளைக் கையாண்டார். தூளைத் தகட்டில் தூவிச் சூடாக்கினால் ஒவ்வொரு துகளும் உருகி ஒட்டும். திராவகம் துகள்களின் இடைவெளிகளில் மட்டுமே அரிக்கும். அச்சிடும்போது அவ்விடம் சாம்பல் நிற நிழலாக விழும். இங்கும் காவலின் வேலையே நிழலாகிறது.

ஒரு தகடு, பல நிறம்

தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒருவர் இக்கலைக்கு உலகளவில் புதுவழி வகுத்தார். சித்தூரை அடுத்த நந்தனூரில் 1925ஆம் ஆண்டில் பிறந்த கிருஷ்ண ரெட்டியே அவர். சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸிடம் பயின்று, 1947 முதல் 1949 வரை சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் ஓவியப் பகுதியை நடத்தினார். பின் லண்டனுக்கும் பாரிசுக்கும் சென்று, ஹெய்ட்டர் என்பவர் நடத்திய 17ஆம் எண் பட்டறையில் சேர்ந்தார்.

அதற்கு முன் நிறத்துக்கு ஒரு தகடு வேண்டும். மூன்று நிறமானால் மூன்று தகடுகளை மயிரிழையும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட வேண்டும். அப்பட்டறையினர் கண்ட வழி வேறு. தகட்டை ஆழமாகவும் ஆழமின்றியும் பல படிகளாக அரித்தனர். எண்ணெய் மிகுந்த நீர்த்த மையைக் கடின உருளையில் எடுத்து உருட்டினால் அது மேட்டில் மட்டும் படும். பின், கெட்டியான வேறு நிற மையை மென்மையான உருளையில் எடுத்து உருட்டினால் அது தாழ்விடங்களிலும் இறங்கும். மேட்டில் முன்பே உள்ள எண்ணெய் மை, கெட்டி மையை ஏற்பதில்லை. ஆகவே நிறங்கள் கலவாமல் தத்தம் இடத்தில் நிற்கும். ஒரே தகடு, ஒரே அழுத்தம், பல நிறம்.

சிற்பமும் பயின்றவராதலின் ரெட்டி தகட்டைத் தாளாகக் கருதாமல் சிறிய சிற்பமாகவே கருதினார். 1963ஆம் ஆண்டின் ‘நீர்ச்சுழி’, 1981ஆம் ஆண்டின் ‘பெரும் கோமாளி’ ஆகியன அவர் புகழ்பெற்ற படைப்புகள். 1972ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2018ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் காலமானார்.

நாளிதழின் பிளாக்

நாளிதழ் படிக்கும் வாசகரும் இக்கலையிலிருந்து தொலைவில் இருந்தவரல்லர். ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்தில் ‘பிளாக்’ இல்லாமல் செய்தித்தாளில் படம் இல்லை. அந்தப் பிளாக் என்பது திராவகத்தால் அரிக்கப்பட்ட துத்தநாகத் தகடே.

அதன் கதை 1826ஆம் ஆண்டளவில் பிரான்சில் தொடங்குகிறது. நிலக்கீல் வெயில்பட்டால் இறுகும் என்பதை நியெப்ஸ் என்பவர் பயன்படுத்திக்கொண்டார். பொறிப்போர் காலங்காலமாகக் காப்பாகப் பூசிவந்த அதே பொருள், ஒளியாலும் எழுதக் கூடியதாயிற்று. ஊசி செய்த வேலையை ஒளி மேற்கொண்டது. பிளாக் செய்வோர் ஒளிபட்டு இறுகும் பூச்சைத் துத்தநாகத்தில் பூசி, படத்தின் நெகட்டிவ் வழியே ஒளி பாய்ச்சினர். கோடுகள் இறுகிக் காவலாயின. மற்றைய இடத்தைத் திராவகம் தின்றது. செப்புத் தகட்டில் அரித்த இடம் மை ஏந்தும். பிளாக்கில் அரியாமல் நின்ற மேடு மை ஏந்தும். திராவகம் ஒன்றே, பயன் நேர்மாறு.

அதில் ஓர் இடர் உண்டு. திராவகம் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை; பக்கவாட்டிலும் அரித்துக் கோட்டின் அடியைக் குடையும். குடைந்த கோடு அச்சு இயந்திரத்தில் முறிந்துவிடும். இதனைத் தடுக்க ஒரு சிவந்த பிசின் தூளை நாற்றிசையிலிருந்தும் துடைப்பத்தால் தள்ளி, கோட்டின் பக்கங்களில் ஒட்டச் செய்து, சூடேற்றி இறுக்கி, மீண்டும் அரித்தனர். ஆங்கிலத்தில் ‘டிராகன் ரத்தம்’ எனப்பட்ட அப்பிசின், சுமத்ரா, போர்னியோக் காடுகளில் வளரும் ஒருவகைப் பிரம்பின் காயில் சுரப்பது. மலாய் மக்கள் அதனை ஜெர்னாங் என்பர். நாட்டு மருந்து வழக்கில் அதற்குக் காண்டாமிருக இரத்தம் என்று பெயர். இத்தீவுகளின் பிரம்புக் காய், உலகின் செய்தித்தாள் படங்களுக்குக் காவலாக நின்ற காலம் ஒன்று இருந்தது.

ஈய எழுத்தும் பிளாக்கும் மறைந்துவிட்டன. ஆனால், காப்பிட்டு அரிக்கும் நுட்பம் மறையவில்லை. கணினிச் சில்லுகள் உருவாவதும் அந்நுட்பத்தாலேயே. சிலிக்கான் தட்டில் ஒளியுணரும் காப்புப் பூசி, ஒளியால் படம் எழுதி, காப்பற்ற இடத்தை அரித்து எடுக்கின்றனர். 1968ஆம் ஆண்டில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் வந்தது முதல் வளர்ந்த அத்தொழிலில், உலகச் சில்லுகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இன்று சிங்கப்பூரில் உருவாகிறது. கவசக் கம்மியனின் மெழுகு எங்கெங்கோ போய்விட்டது.

சிங்கப்பூரின் பட்டறை

தொழிற்கூடத்தில் இங்ஙனம் பெருகிய நுட்பம், கலைக்கூடத்தில் மெல்லவே வேர் ஊன்றிற்று. சிங்கப்பூர் அச்சோவியத்தில் முதலில் ஓங்கியது மரவெட்டு. பலகையும் கத்தியும் எவர்க்கும் கிட்டும். உருளை இயந்திரமும் திராவகத் தொட்டியும் கிட்டுவதில்லை. புக்கிட் ஹோ ஸ்வீ பெருந்தீயை நினைவூட்டும் ‘தீக்குப் பின்’ என்னும் லிம் யூ குவானின் 1966ஆம் ஆண்டு மரவெட்டு அக்காலத்தின் அரிய சான்று.

உலோகத் தகட்டைத் தம் வாழ்வாகக் கொண்டவர் சிங் சியோக் தின். 1946ஆம் ஆண்டில் பிறந்த இவ்வம்மையார் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அச்சோவியம் பயின்று, 1985ஆம் ஆண்டில் அயோவா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று, கற்பிக்கத் தொடங்கினார். 1988ஆம் ஆண்டில் லண்டனில் கீழே விழுந்ததைத் தொடர்ந்து மூளையில் சீழ்க்கட்டி உண்டாகி, பார்வையின் பெரும்பகுதியை இழந்தார். அப்போது அவருக்கு வயது 42.

கோட்டின் நுட்பத்தையே உயிராகக் கொண்ட கலைஞருக்குக் கண் போவது எத்தகைய இழப்பு! ஆயினும் அவர் கலையைக் கைவிடவில்லை. அச்சோவியத்தோடு சிற்பத்திலும் கலப்பு ஊடகத்திலும் கை வைத்தார். எழுத்துப் பணியையும் தொடர்ந்தார். தகடு பள்ளமும் மேடும் உடையது. அச்சுத்தாளின் கோடும் விரலுக்குத் தட்டுப்படுவது. கண்ணுக்கு மட்டும் உரிய கலையாக இஃது இருந்திருந்தால் அவர் கதவு முற்றும் அடைபட்டிருக்கும். பல்லாண்டுப் பயிற்சியால் கையில் சேர்ந்த அறிவு, கண் போனபின்னும் நின்றது. 2005ஆம் ஆண்டில் கலாசாரப் பதக்கம் பெற்ற அவர், 2019ஆம் ஆண்டில் மறைந்தார்.

நகருக்கு ஒரு பெரும் பட்டறை 2002ஆம் ஆண்டில் வாய்த்தது. அமெரிக்க அச்சு வல்லுநர் கென்னத் டைலரின் இயந்திரங்களையும் அச்சோவியத் தொகுப்பையும் பெற்று, ராபர்ட்சன் கீயில் ஆற்றங்கரைப் பழைய கிடங்கு ஒன்றில் சிங்கப்பூர் டைலர் அச்சு நிலையம் திறக்கப்பட்டது. எஸ்டிபிஐ என்னும் பெயரால் இன்று வழங்கும் அந்நிலையத்தில் கண்காட்சிக் கூடத்தோடு அச்சுப் பட்டறையும் தாள் செய்யும் பகுதியும் உள்ளன. உலகெங்கிலுமிருந்து கலைஞர் வந்து தங்கி, அங்குள்ள அச்சு வல்லுநரோடு சேர்ந்து பணியாற்றுகின்றனர். 2005ஆம் ஆண்டில் மும்பை ஓவியர் அதுல் தோடியா அங்கே உருவாக்கிய வரிசை ஒன்றின் பொருள் சபரி. இராமனுக்காகக் காத்திருந்த அம்மூதாட்டியின் இளமைக் கோலத்தை நந்தலால் போஸ் தீட்டிய ஓவியமே அதற்குத் தூண்டுதல். கிருஷ்ண ரெட்டிக்கு ஆசிரியராக இருந்த அதே நந்தலாலின் சபரி, இரண்டு தலைமுறை கழித்துச் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் மறுவடிவம் பெற்றாள்.

வகுப்பறையில் மையாடல்

லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறுவோர் அதே பாதையில் ஃபோர்ட் கானிங் நிலையத்தில் இறங்கினால், அப்பட்டறை நடக்கும் தொலைவே. ஓலைச்சுவடி பற்றிப் பாடம் நடத்தும் தமிழாசிரியர் மாணவரை அங்கே அழைத்துச் செல்வது வீண் போகாது. நூலில் ஒரு வரியாகப் படித்த மையாடல், அங்கே கண்ணெதிரே நடக்கும்.

செல்ல இயலாதவர் வகுப்பிலேயே செய்து காட்டலாம். இதற்குத் திராவகம் வேண்டுவதில்லை. அதனை மாணவர் கையில் கொடுத்தலும் ஆகாது. தடித்த பிளாஸ்டிக் தகடு, கூரிய ஊசி, கெட்டியான கறுப்பு மை, பழந்துணி, நீரில் நனைத்து ஒற்றிய தடித்த தாள் ஆகியவை போதும். தகட்டில் ஆழமாகக் கீறி, மை பூசித் துடைத்து, ஈரத்தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் படம் விழும். திராவகமின்றிக் கீறி அச்சிடும் இம்முறையும் ஓவியர் கையாண்ட பழைய முறையே.

முதல் முறை எழுதும் மாணவன் தன் பெயரை நேராகவே கீறுவான். தாளை உரித்துப் பார்க்கும்போது அது திரும்பிக் கிடக்கும். ‘ட’கரத்தின் செங்குத்துக் கோடு வலப்புறம் போயிருக்கும். அப்போதுதான் அவன் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு வளைவையும் கூர்ந்து நோக்கத் தொடங்குவான். இரண்டாம் முறை மெல்ல எழுதுவான். அந்தத் தாளை அவன் தடவிப் பார்க்கும்போது, தன் பெயர் விரலில் தட்டுப்படும்.